கத்தரித் தோலின் ஊதாவும் டப்பாவில் வரும் குர்குமினும்

வேலூர் ஐடா ஸ்கடர் சாலையில் மருந்துக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கக்கூடிய டப்பாக்களும் இப்போது அவற்றில் நிறைய வந்துவிட்டன. மஞ்சளில் உள்ள குர்குமினை அடைத்த கேப்சூல், கிரீன் டீ சாறு, முருங்கை இலை மாத்திரை, பெரிய எழுத்தில் ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்று அச்சடித்த பொடிகள். அங்கிருந்து நேதாஜி மார்க்கெட்டுக்கு நடந்தே போய்விடலாம். அங்கே அதே சரக்கு மஞ்சளாகவும், முருங்கைக்கீரைக் கட்டாகவும், குவித்து வைத்த கத்தரிக்காயாகவும் கிடக்கிறது. டப்பாவில் இருக்கும் மூலக்கூறும் கட்டில் இருக்கும் மூலக்கூறும் ஒன்றே என்று விளம்பரம் சொல்கிறது. வேதியியல்படி அது உண்மைதான். உடம்பு மட்டும் இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. கடந்த முப்பது நாற்பது ஆண்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிய வந்தது இதுதான். இதைப் புரிந்துகொண்டால் நம் வட ஆற்காட்டுச் சமையலைப் பார்க்கும் பார்வையும் மாறும், பர்ஸும் மிச்சமாகும்.

புரதம், கொழுப்பு, வைட்டமின், தாது உப்பு ஆகியவை இல்லாவிட்டால் நோய் வரும். இவை தவிர, செடி தன் பாதுகாப்புக்காகச் செய்துகொள்ளும் பொருட்கள் பல ஆயிரம் உண்டு. செடியால் ஓட முடியாது. பூச்சி கடித்தாலும், பூஞ்சை பிடித்தாலும், வெயில் சுட்டாலும் நின்ற இடத்திலேயே சமாளிக்க வேண்டும். அதற்காக அது தயாரிக்கும் கசப்பும் துவர்ப்பும் காரமும் நிறமும்தான் தாவர வேதிப்பொருட்கள். பாலிஃபீனால்கள், கரோட்டினாய்டுகள், பூண்டிலும் முள்ளங்கியிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் எல்லாம் இந்தக் குடும்பம். இவை இல்லாததால் ஸ்கர்வி, பெரிபெரி மாதிரி ஒரு தனி நோய் வருவதில்லை. அதனாலேயே இவற்றின் பயனை நிரூபிப்பது அவ்வளவு கடினமாக இருக்கிறது.

நம் ஊர்க் காய் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தண்டிலும் காம்பிலும் முள் இருப்பதால் பறிக்கிறவர் கை படாத பாடு படும். ஒரு ஊதாக் கத்தரிக்காயின் காம்புத் தொப்பியை விரலால் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலான ரகங்களில் தொப்பிக்கு அடியில் தோல் வெளிறி இருக்கும், வெளியே மட்டும் பளபளவென்று ஊதா. அந்த நிறம் ஆந்தோசயனின் வகையைச் சேர்ந்தது. வெளிச்சம் பட்டால்தான் செடி அதைச் செய்கிறது. வெயில் தாக்காமல் தோலைக் காக்கும் குடை அது என்று வைத்துக்கொள்ளலாம். ஆசிய ரகங்களின் தோலில் அதிகம் காணப்படும் இந்த நிறமிக்கு நாசுனின் என்று பெயர்.

சதையில் இருப்பது வேறு சரக்கு. கத்தரிக்காயை நறுக்கியதும் ஏன் கறுக்கிறது? சதையில் குளோரோஜெனிக் அமிலம் என்ற பாலிஃபீனால் தாராளமாக இருக்கிறது. காப்பிக்கொட்டையில் இருப்பதும் இதே பொருள்தான். செடியின் செல்லுக்குள் இதுவும் இதைக் கறுக்கச் செய்யும் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கும். கத்தி பட்டு அறைகள் உடைந்ததும் இரண்டும் கலந்து, காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்து பழுப்பு நிறமாகிறது. நம் வீடுகளில் நறுக்க நறுக்கத் தண்ணீரில் போடுவது காற்றைத் தடுக்கத்தான். புளித்தண்ணீரில் போட்டால் இன்னும் நல்லது, அமிலத்தில் அந்த நொதி மந்தமாகிவிடும். ஒன்று மட்டும்: ரொம்ப நேரம் ஊறவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டினால் கரையக்கூடிய சத்தில் ஒரு பங்கும் போய்விடும். குழம்பிலோ, ஆம்பூர் பிரியாணிக்குப் பக்கத்தில் வைக்கும் கத்தரிக்காய்த் தொக்கிலோ இந்தக் கவலை கிடையாது. காயிலிருந்து இறங்கியது எல்லாம் சாற்றிலேயே தங்கிவிடுகிறது.

சரி, சாப்பிட்டாயிற்று. அப்புறம் என்ன ஆகிறது? 2001-ல் நெதர்லாந்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். பெருங்குடல் அகற்றப்பட்டவர்களுக்குக் குளோரோஜெனிக் அமிலத்தைக் கொடுத்து, சிறுகுடல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தார்கள். சுமார் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போனது. அப்படியென்றால், நம்மைப் போன்றவர்களுக்கு மீதி பெருங்குடலுக்குப் போகும். அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைத்துச் சின்னச் சின்ன அமிலங்களாக்குகின்றன, அவை ரத்தத்தில் கலக்கின்றன. கல்லீரலும் தன் பங்குக்கு அவற்றோடு சல்பேட், குளுக்குரோனிக் அமிலம் என்று எதையாவது ஒட்டி, சீக்கிரம் வெளியேற்றப் பார்க்கிறது. ஆக, ரத்தத்தில் ஓடுவது பெரும்பாலும் கத்தரிக்காயில் இருந்த மூலக்கூறு இல்லை, அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் வளரும் புற்றுச் செல் மீது ஒரு தாவரப் பொருளை நேரடியாக ஊற்றி, செல் செத்துவிட்டது என்று வரும் செய்திகளை நான் அவ்வளவாக நம்பாததற்கு இதுதான் காரணம். சாப்பாடு வழியாக அந்தப் பொருள் அந்த வடிவத்தில், அந்த அளவில் அந்த செல்லை எட்டவே எட்டாது. ஆளுக்கு ஆள் பாக்டீரியாக்களும் வேறு. சோயாவில் உள்ள ஒரு பொருளை ஈக்வால் என்ற செயல்மிக்க வடிவமாக மாற்றும் பாக்டீரியா, மக்களில் பாதிப் பேருக்கும் குறைவாகத்தான் இருக்கிறது. ஒரே பந்தியில் ஒரே சாப்பாடு சாப்பிட்டு எழுந்த இருவருக்குக் கிடைக்கும் பலன் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இந்தத் துறையின் கதை ஒரு தவறான பெயரோடுதான் தொடங்கியது. ஹங்கேரி விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜி 1936-ல் எலுமிச்சையிலும் மிளகாயிலும் இருந்து எடுத்த ஃபிளேவனாய்டுகள் என்ற பாலிஃபீனால் வகைக்கு ‘வைட்டமின் பி’ என்று பெயர் வைத்தார். இட்லி, தோசை என்றதும் நினைவுக்கு வரும் பி-காம்ப்ளெக்ஸின் பி இல்லை இது, ஆங்கில எழுத்து வரிசையில் ஓ-வுக்கு அடுத்து வருவது. இல்லாவிட்டால் நோய் வரும் என்று நிரூபிக்க முடியாததால் 1950 வாக்கில் அந்தப் பெயரைக் கைவிட்டார்கள். பிறகு நெடுநாள் இந்தப் பக்கம் பெரிய கவனம் இல்லை. 1993-ல் நெதர்லாந்தின் சூட்ஃபென் நகரத்தில் 65 முதல் 84 வயது வரையான 805 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளிவந்தது. டீ, வெங்காயம், ஆப்பிள் வழியாக ஃபிளேவனாய்டு அதிகம் சாப்பிட்டவர்கள் இதய நோயால் இறந்தது குறைவு என்று அது சொன்னது. அதன் பிறகுதான் உலகமே இந்தப் பக்கம் திரும்பியது. ஆனால் இது கவனித்துச் சொன்னது, சோதித்துச் சொன்னது இல்லை. வெங்காயமும் ஆப்பிளும் நிறையச் சாப்பிடுகிறவர் வேறு பல வகையிலும் ஆரோக்கியமாக வாழ்கிறவராக இருக்கலாம்.

இதற்கு நடுவில் ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற சொல் கடைக்கு வந்துவிட்டது. செல்களைத் தாக்கும் தனி ராடிக்கல்களை இவை விழுங்கிவிடும் என்பது எளிமையான, அழகான விளக்கம். எந்த உணவு எவ்வளவு விழுங்கும் என்று சோதனைக் குழாயில் அளந்து, அமெரிக்க வேளாண் துறை ஒரு பெரிய பட்டியலே வைத்திருந்தது. 2012-ல் அதை அவர்களே இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். குழாயில் வரும் எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் சம்பந்தம் காட்ட முடியவில்லை, கம்பெனிகள் அந்த எண்ணை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சேரும் பாலிஃபீனால் அளவு, உடம்பில் ஏற்கெனவே இருக்கும் யூரிக் அமிலம், வைட்டமின் சி ஆகியவற்றோடு பார்த்தால் மிகச் சொற்பம். இப்போது பேசப்படும் விளக்கம் வேறு. இந்தப் பொருட்கள் சிறு அளவில் செல்லை லேசாக உசுப்புகின்றன, செல் தன் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைக் கூட்டிக்கொள்கிறது. ரத்தக் குழாயின் உட்சுவரை இளக்குவது, குடல் பாக்டீரியாக்களுக்கு இரையாவது என்று இன்னும் சில வழிகளும் உண்டு. உசுப்புதல் என்றாலே அளவுதான் எல்லாம்.

அளவை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு பீட்டா கரோட்டின் கதையைவிடப் பெரிய பாடம் கிடையாது. முருங்கைக்கீரை, முளைக்கீரை, மாம்பழம், கேரட் எல்லாவற்றிலும் இருப்பது இது. உடம்பு இதை வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும். சத்துக் குறைவான குழந்தைக்கு மாலைக்கண் வராமல் காப்பதில் கீரைக்குப் பங்கு உண்டு. காய்கறி, பழம் அதிகம் சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தில் பீட்டா கரோட்டின் கூடுதல், அவர்களுக்கு நுரையீரல் புற்றும் குறைவு என்று பல ஆய்வுகள் சொன்னதும், அதை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று கேட்டார்கள். பின்லாந்தில் புகை பிடிக்கும் 29,133 ஆண்களைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது எல்லோரும் அதிர்ந்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் புகைப்பவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என்று 18,314 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் கொடுத்தார்கள். அங்கே 28 சதவீதம் அதிகம், இறப்பும் கூடியது. 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

நல்ல எண்ணத்தோடு, நல்ல முறையில் நடந்த சோதனைகள் அவை. கீரையில் அந்தப் பொருள் தனியாக வருவதில்லை. வேறு கரோட்டினாய்டுகள், நார்ச்சத்து, ஃபோலேட், வைட்டமின் சி எல்லாம் கூட வருகின்றன, மெதுவாக உள்ளே போகின்றன. அதில் ஒன்றை மட்டும் உருவி, புகையால் ஏற்கெனவே புண்ணான நுரையீரலுக்குக் குவித்துக் கொடுத்தால் அது எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. இன்றும் பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் இந்த மாத்திரையைத் தொடக்கூடாது. கீரையைத் தாராளமாகச் சாப்பிடலாம். சாப்பிடும்போது கொஞ்சம் எண்ணெய் இருக்கட்டும். கரோட்டின் கொழுப்பில் கரைவது, கொழுப்பே இல்லாமல் சாப்பிட்டால் உறிஞ்சப்படுவது கிட்டத்தட்ட இல்லை என்று 2004-ல் அமெரிக்காவில் காய்கறி சாலட்டை வைத்துக் காட்டினார்கள். முருங்கைக்கீரைப் பொரியல் மேல் வறுத்த மல்லாட்டையை (வேர்க்கடலை) பொடித்துத் தூவும் நம் பழக்கம் இந்த வேலையைத்தான் செய்கிறது.

மஞ்சளுக்கு வருவோம். மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம். நான்கு பேருக்கான குழம்பில் ஒன்றரை கிராம் தூள் போட்டால், ஆளுக்குப் பத்து மில்லிகிராம் சொச்சம் குர்குமின் போகும். மருத்துவச் சோதனைகளில் கொடுப்பது 500 மில்லிகிராமிலிருந்து பல கிராம் வரை. அவ்வளவு கொடுத்தும் ரத்தத்தில் சேருவது அற்பம். 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு மிளகில் உள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தத்தில் குர்குமின் 20 மடங்கு கூடியது. இன்று எல்லா டப்பாவும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். கிட்டத்தட்ட ஒன்றுமில்லாததன் 20 மடங்கு என்பதை டப்பா சொல்வதில்லை. 2017-ல் அமெரிக்க வேதியியலாளர்கள் குர்குமின் ஆய்வுகளை மொத்தமாக அலசி, இந்தப் பொருள் சோதனை முறைகளையே ஏமாற்றும் தன்மை கொண்டது என்றும், யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மாத்திரை என்று தெரியாமல் நடத்தும் முறையான கண்மறைப்புச் சோதனை எதிலும் அது தெளிவாக வெற்றி பெறவில்லை என்றும் எழுதினார்கள். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் அடர்த்தியான மஞ்சள் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது பதிவாகியிருக்கிறது. குழம்பு மஞ்சளால் யாருக்கும் கல்லீரல் கெட்டதில்லை. மஞ்சள் மேல் எனக்கு இருக்கும் பிரியம் இதனால் குறையவில்லை. அது சமையல் பொருள், அந்த இடத்தில் அது நன்றாகவே இருக்கிறது.

தனியாகப் பிரித்த தாவரப் பொருள் எதுவுமே வேலை செய்யாது என்று நினைத்துவிட வேண்டாம். வேலை செய்தால் அதற்கு மருந்து என்று பெயர். ஐரோப்பாவில் கலேகா என்ற செடியை நீரிழிவு போன்ற தொல்லைகளுக்குப் பல நூற்றாண்டாகக் கொடுத்துவந்தார்கள். அதிலிருந்த கலெஜின் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் விஷம். அதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த மெட்ஃபார்மினை 1922-ல் டப்ளினில் செயற்கையாகத் தயாரித்தார்கள், 1957-ல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நீரிழிவுக்காரர்களிடம் அதன் பலனை வெளியிட்டார். இன்று நம் தெருவில் வீட்டுக்கு வீடு இருக்கும் மாத்திரை அது. செடியிலிருந்து அங்கே வந்து சேர, மூலக்கூறை மாற்றி, அளவைக் கண்டுபிடித்து, பக்க விளைவை எழுதி வைக்க வேண்டியிருந்தது. டப்பாக் கம்பெனிகள் இந்த வேலை எதையும் செய்வதில்லை.

சர்க்கரை நோய் என்றால் வேலூருக்குச் சொந்தமான ஓர் ஆய்வே உண்டு. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரத்திலும் அருகிலுள்ள கிராமங்களிலும் பிறந்தவர்களைக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். முப்பது வயதை ஒட்டிச் சோதித்தபோதே கணிசமானோருக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு குலைந்திருந்தது, கிராமத்திலும்கூட. இந்தப் பின்னணியில்தான் கேழ்வரகு மறுபடி பேசப்படுகிறது. அரிசியைத் தீட்டுவதுபோல் கேழ்வரகை எளிதில் தீட்ட முடியாது. தோல் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும், மாவோடு அதுவும் வந்துவிடும். பாலிஃபீனால்கள் பெரும்பாலும் அந்தத் தோலில்தான். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளை அவை தடுப்பதை மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வகச் சோதனையில் பார்த்தார்கள். அதற்காகக் கேழ்வரகு என்றாலே சர்க்கரை ஏறாது என்று நம்பினால் ஏமாந்துபோவோம். நைஸாக அரைத்து, சலித்து, நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி சீக்கிரமே சர்க்கரையாகிவிடும். நொய் போட்டுக் கெட்டியாகக் கிண்டிய களி உருண்டையைக் கீரைக் கடைசலோடோ கருவாட்டுக் குழம்போடோ சாப்பிட்டால், உடன் வரும் புரதமும் நாரும் எண்ணெயும் அதை மெதுவாக்கும். அளவாகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

கேழ்வரகுக்கு இன்னொரு முகமும் உண்டு. 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆனால் அதே தோலில் உள்ள டானினும் ஃபைட்டேட்டும் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தசோகை நம் பெண்களிடம் இவ்வளவு இருக்கும்போது இதைச் சும்மா விட முடியாது. முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் ஃபைட்டேட் குறையும். ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழ், முதல் நாளே மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சுவது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா என்று வைட்டமின் சி உள்ள ஏதாவது கூடச் சேர்ந்தால் இரும்பு நன்றாக உள்ளே போகும். டீ நேர் எதிர். சாப்பாட்டோடு குடிக்கும் டீ இரும்பு உறிஞ்சப்படுவதைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் அந்தச் சேதம் பெரிதும் குறையும். சூட்ஃபென் கிழவர்களுக்கு நன்மை செய்ததாகச் சொல்லப்பட்ட அதே டீதான், இரும்பு மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணிக்கு இடைஞ்சல்.

மருந்து சாப்பிடுகிறவர்கள் விஷயம் கடைசியாக, ஆனால் வேலூரில் அதைச் சொல்லாமல் விட முடியாது. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971-ல் சி.எம்.சி.-யில் நடந்தது. அதன் பிறகு மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்கிறவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பேர். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்க அவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்தை உடைக்கும் குடல் நொதியைக் கிரேப்ஃப்ரூட்டில் (திராட்சை இல்லை, ஆரஞ்சு இனப் பழம்) உள்ள ஒரு பொருள் முடக்கிவிடும், மருந்து ரத்தத்தில் எகிறிவிடும். நம் மார்க்கெட்டில் வரும் பப்ளிமாஸிலும் அந்த வகைப் பொருள் இருக்கிறது. சில கொழுப்பு மாத்திரைகளுக்கும் இதே கதைதான். பைப்பரின் சேர்த்த மஞ்சள் கேப்சூல், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டோயின் அளவையும் மாற்றக்கூடியது.

இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோமோ வார்ஃபரினோ சாப்பிடுகிறவர்களுக்குக் கீரையில் உள்ள வைட்டமின் கே குறுக்கே வரும். அதனால் பலர் கீரையை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள், அது தேவையில்லை. வாரத்தில் இரண்டு நாள் சாப்பிடுகிறவர் எல்லா வாரமும் இரண்டு நாளே, ஏறக்குறைய அதே அளவே சாப்பிட்டால் போதும். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் மாத்திரை அளவை அதற்கேற்ப வைத்துவிடுவார். ஒரு மாதம் கீரையே தொடாமல் இருந்துவிட்டு அடுத்த வாரம் தினமும் சாப்பிடுவதுதான் ஆபத்து. பூண்டு, மஞ்சள், கிரீன் டீ கேப்சூல் எது எடுத்தாலும் பரிசோதனைக்குப் போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். ‘வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா’ என்று கேட்டால் பெரும்பாலானோர் இல்லை என்றுதான் சொல்கிறார்கள், இதையெல்லாம் மருந்துக் கணக்கில் சேர்க்காததால்.